23 வயசு, 186 செ.மீ., என்.எஸ். முடிஞ்சாச்சு: வெளிநாட்டு லீகில் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆட வழி இருக்கா?

ஈசூன்_மூலை:

வணக்கம். விவரம் இவ்வளவுதான். வயசு 23. வெறுங்காலில் அளந்த உயரம் 186 செ.மீ., எடை 84 கிலோ. டிப்ளோமா, என்.எஸ். (சிங்கப்பூரின் கட்டாயத் தேசிய சேவை) ரெண்டும் முடிஞ்சுது. இங்க கிளப் லீகில் ஃபார்வர்டா ஆடறேன், போக்குவரத்துக் காசு மட்டும் தருவாங்க. எங்க புளோக் பக்கத்துக் கோர்ட்டில் மூணு பாயிண்ட் பத்துக்கு ஆறு விழும்.

என்.பி.ஏ. கனவெல்லாம் இல்லை. தாய்லாந்து, வியட்நாம், இந்தோனீசியா, ஆஸ்திரேலியாவின் கீழ்நிலை லீக், எதுவானாலும் சரி. மூணு நாலு வருஷம் ஊர் ஊராப் போய் ஆடவும் தயார்.

ஒரு ஏஜென்ட் 1,800 அமெரிக்க டாலர் கேட்கிறார். பாங்காக்கில் அஞ்சு நாள் முகாமாம், “பல நாட்டுக் கோச்சுகள்” வருவாங்களாம், அதுக்கப்புறம் ஒப்பந்தம் வாங்கித் தருவாராம். கட்டலாமா? கட்டாவிட்டால் வேற எங்கிருந்து தொடங்கணும்?

---

கணக்குப்பிள்ளை:

ஏஜென்ட்டை அப்புறம் பார்ப்போம். முதல்ல உங்க பாஸ்போர்ட். இந்தப் பகுதியில் ஒரு வீரருக்கு இடம் கிடைக்கிறதும் கிடைக்காததும் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கு.

ஒவ்வொரு லீகிலும் வெளிநாட்டு ஆளுக்கு இவ்வளவு இடம்னு வரம்பு உண்டு. பெரும்பாலும் ஒண்ணு, ரெண்டு, மிஞ்சினால் மூணு. சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்குத் தனிச் சலுகை இல்லாத லீகில் நீங்களும் “இம்போர்ட்”தான். அதே இடத்துக்கு 206 செ.மீ. அமெரிக்க சென்டர் ஒருத்தர் நிப்பார். கிளப் முதலாளி யாரை எடுப்பார்னு சொல்லத் தேவையில்லை. உங்க ஆட்டத்தில் குறை இருக்கணும்னே அவசியமில்லை, இடக்கணக்கு அப்படி.

அதனால சலுகை எங்க இருக்குன்னு தேடணும். ஜப்பானின் பி.லீக் 2020-ல் ஆசிய வீரருக்குத் தனி இடம் ஒதுக்கினதும் பிலிப்பீன்ஸின் தெர்டி ரவேனா சான்-என் அணிக்குப் போனார். கொரியாவின் கே.பி.எல். 2020-ல் ஜப்பானியருக்கும், 2022-ல் பிலிப்பீன்ஸ் ஆட்களுக்கும் கதவைத் திறந்தது. எந்தெந்த நாடு பட்டியலில் இருக்குங்கிறதுதான் எல்லாமே, அது சீசனுக்கு சீசன் மாறும். வியட்நாமின் வி.பி.ஏ.-வில் வியட்நாம் வம்சாவளிக்காரர்களுக்கு இடம் உண்டு, நமக்கு அதில் பலன் இல்லை. பிலிப்பீன்ஸின் பி.பி.ஏ. 1975-லேயே தொடங்கினது, ஆசியாவின் முதல் தொழில்முறை லீக். ஆனா அது உள்ளூர் ஆட்களின் லீக். இம்போர்ட்னா அங்க மேலே ஏறி அடிக்கிற பெரிய ஆள்.

சிங்கப்பூரின் சிலிங்கர்ஸ் அணி 2006 முதல் 2008 வரை ஆஸ்திரேலிய லீகில் ஆடி, 2009-ல் ஆசியான் கூடைப்பந்து லீக் தொடங்கினப்போ அதுக்கு மாறினது. அந்த லீகில் உள்ளூர் ஆள், தென்கிழக்காசிய ஆள், உலக இம்போர்ட்னு தனித்தனிக் கட்டம். நம்ம ஆட்களுக்கு மேடை அமைஞ்சதுக்கு அந்தக் கட்டங்கள்தான் காரணம். லவின் ராஜ் மாதிரி நம்ம ஆட்கள் அதே அணியில் ஆடி, தேசிய அணிக்கும் ஆடினாங்க. 2020-ல் கோவிட்டால் அந்த லீக் பாதியில் நின்ன பிறகு, வழி ஒடுங்கிப்போச்சு.

ஆகவே எந்தக் கிளப்புக்கு எழுதினாலும் முதல் வரி இதுவா இருக்கட்டும்: “உங்கள் லீக் விதியில், இந்த சீசனில், சிங்கப்பூர்க் குடிமகன் எந்தக் கட்டத்தில் வருவார்?” பதில் “இம்போர்ட்”னு வந்தா அடுத்த கிளப்புக்குப் போங்க. வீடியோவைக்கூட அனுப்ப வேணாம்.

தமிழ்நாட்டுப் பக்கம் போகலாமான்னும் சிலர் கேட்பாங்க. அங்க நல்ல வீரர்களுக்கு ரயில்வே, வங்கி, வருமான வரித்துறைன்னு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைக்கும். வயசானாலும் மேஜை வேலை கையில் இருக்கும். அருமையான ஏற்பாடு, ஆனா இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்.

---

பெஞ்ச்_நாற்காலி:

அந்த 1,800-ஐக் கட்டாதீங்க. காரணத்தைக் கணக்காவே சொல்றேன்.

ஃபீபா (உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிப்படி ஏஜென்ட் ஒப்பந்தத் தொகையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. உதாரணத்துக்கு, உங்களுக்கு மாசம் 1,500 டாலரில் அஞ்சு மாச வேலை வாங்கித் தர்றார்னு வைங்க. மொத்தம் 7,500, அவருக்குக் கிடைக்கிறது அதிகபட்சம் 750. முகாமுக்கு 30 பேர் 1,800 கட்டினால் 54,000. உங்களுக்கு வேலை கிடைக்கிறதைவிட நீங்க வரிசையில் நிக்கிறதுதான் அவருக்கு லாபம். ஆளு நல்லவரா கெட்டவராங்கிற கேள்விக்கே போக வேணாம்.

கட்டணம் வாங்குற டிரைஅவுட் (ஆள் எடுக்கிற தேர்வு ஆட்டம்) எல்லாமே மோசடின்னும் சொல்லிட முடியாது. அல்ஃபோன்சோ மெக்கின்னியைப் பாருங்க. பல்கலைக்கழகம் முடிச்சு லக்ஸம்பர்கில் ஈஸ்ட் சைடு பைரட்ஸ்னு ஒரு சின்ன அணி, அப்புறம் மெக்சிகோ. 2016-ல் அமெரிக்கக் கீழ்நிலை லீகின் விண்டி சிட்டி புல்ஸ் அணியின் திறந்த டிரைஅவுட்டுக்கு 175 டாலர் கட்டிப் போனார். அங்கிருந்து என்.பி.ஏ.வுக்கு: 2017-ல் டொரான்டோ, 2018-19-ல் கோல்டன் ஸ்டேட் அணியோட இறுதிச் சுற்று வரைக்கும். ஆனா அந்த 175-ஐ வாங்கினது அந்த அணியே. கையில் குறிப்பேட்டோட நின்னவங்க அந்த அணியின் கோச்சுகள், அவங்க வீரர் பட்டியலில் காலி இடமும் இருந்தது. உங்க பாங்காக் முகாமில் யார் நிக்கிறாங்க? “பல நாட்டுக் கோச்சுகள்”னா யார் யார்னு பேர் கேளுங்க. அவங்க இப்ப எந்தக் கிளப்பில் சம்பளம் வாங்குறாங்க, அந்தக் கிளப்புக்கு எந்த இடத்தில் ஆள் வேணும், இதை மின்னஞ்சலில் கேளுங்க. தொலைபேசியில் மட்டும் பதில் வந்தா அதுவே பதில்.

ஃபீபா தளத்தில் உரிமம் பெற்ற ஏஜென்ட்டுகள் பட்டியல் இருக்கு. பேர் இல்லைன்னா பேச்சு முடிஞ்சுது. பேர் இருந்தும் “எங்க ஆள் உங்களைப் பார்த்துப்பார்”னு துணை ஏஜென்ட்டை அனுப்பினா, கையெழுத்துப் போடப்போறது யார்னு கேளுங்க.

ஒப்பந்தம் வந்தா நான் முதல்ல தேடுற வரிகள்:

சம்பளம் “வரி போக நிகரம்”னு இருக்கா. எந்தத் தேதியில் வரும். முதல் மாசம் நீங்க இறங்கினதுமே பாதியாவது கைக்கு வருமா. 15 நாள் தாமதமானா பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் வராம இருக்க உரிமை, 30 நாள் ஆனா ஒப்பந்தத்தை முறிச்சு மாற்றுக் கடிதத்தோட கிளம்புற உரிமை. இந்த ரெண்டும் இல்லாத தாளில் கையெழுத்துப் போடக் கூடாதுங்கிறது என் கட்சி. மருத்துவச் சோதனை இறங்கின 48 மணி நேரத்துக்குள் முடியணும், முடிஞ்சபிறகு “உடல் தகுதி இல்லை”ன்னு அனுப்பக் கூடாது. ரெண்டு வழி விமானச் சீட்டு, அறை, காயம் பட்டா சிகிச்சை யார் செலவு, காயத்தில் இருக்கும்போது சம்பளம் ஓடுமா. “டிரைஅவுட் காலம் 14 நாள்”னு ஒரு வரி உள்ளே ஒளிஞ்சிருந்தா மற்றதெல்லாம் வெறும் அலங்காரம். 14-ஆம் நாள் அறைச் சாவியைக் கேட்பாங்க.

தகராறுக்கு ஃபீபாவின் கூடைப்பந்து நடுவர் மன்றம் இருக்கு, 2007-ல் வந்தது, ஜெனிவாவில். உள்ளூர்ச் சட்டத்தைப் பிடிச்சுத் தொங்காம நியாயம் எதுவோ அதன்படி தீர்ப்புச் சொல்வாங்க. தீர்ப்புக்குப் பிறகும் கொடுக்காத கிளப் புது ஆட்களைப் பதிவு பண்ண முடியாதபடி ஃபீபா தடை போடும். ஆனா ஒப்பந்தத்தில் அந்த மன்றத்தின் பேர் எழுதியிருந்தாத்தான் அங்க போக முடியும். முன்பணமா ஒரு கட்டணம் வேற, திரும்ப வராது. ரெண்டு மாசச் சம்பளம் 3,000 டாலர் பாக்கின்னா அங்க போறது கட்டுப்படியாகாது. அதனாலதான் மேலே சொன்ன 15 நாள், 30 நாள் வரிகள்.

மாற்றுக் கடிதம்னு சொன்னேனே, அது வேற நாட்டில் ஆட உங்க சங்கம் தர்ற அனுமதி. போற நாட்டுச் சங்கம் கேட்கும், சிங்கப்பூர்க் கூடைப்பந்துச் சங்கம் கொடுக்கணும். இங்க காசில்லாம ஆடினாலும் பதிவு பண்ணின வீரர்னா இது வேணும். சீசன் நடுவில் கிளப்போட மனஸ்தாபப்பட்டுக் கிளம்பினா இங்கதான் மாட்டும். கிளப் மேனேஜர்கிட்ட முன்கூட்டியே சொல்லி, “ஆட்சேபணை இல்லை”ன்னு ஒரு வரி எழுத்தில் வாங்கி வைங்க.

---

கார்னர்90:

மேலே ரெண்டு பேரும் காகிதம் பேசிட்டாங்க, நான் ஆட்டம் பேசறேன்.

186 செ.மீ. இங்க ஃபார்வர்ட், வளையத்துக்குப் பக்கத்தில் ஆடற ஆள். தாய்லாந்திலேயே நீங்க கார்டு, வெளியே நின்னு பந்தைக் கொண்டுபோற ஆள். ஆஸ்திரேலியாவில் சின்ன கார்டு. அப்படின்னா இதுவரைக்கும் நீங்க ஆடின ஆட்டத்தில் முக்கால்வாசி வெளியில் செல்லுபடியாகாது. முதுகைக் காட்டித் தள்ளிப் போடுற பந்து, ரீபவுண்ட், உள்ளே புகுந்து அடிக்கிறது, இதையெல்லாம் மறந்துடுங்க. பந்தை அதிகம் தொடாமலே பயன்படுற ஆளா மாறணும். மூலையில் நின்னு வந்த பந்தை உடனே போடறது, எதிரணியின் வேகமான கார்டை முழு மைதானத்துக்கும் ஒட்டிக்கிட்டுப் போறது, ஸ்கிரீன் (எதிரணி ஆள் உங்க வழியை மறிச்சு நிக்கிறது) வந்தா அதுக்கு மேலே போறதா கீழே போறதான்னு சரியா முடிவெடுக்கிறது. ஊர் ஊராப் போய் ஆடி நிலைச்சவங்க முக்கால்வாசிப் பேர் இந்த மாதிரி ஒரே ஒரு வேலையைச் சுத்தமாச் செய்யறவங்கதான். ஆண்ட்ரே இங்ராம் அமெரிக்காவின் கீழ்நிலை லீகில் பத்து வருஷம் ஆடினார், ஒரே ஆயுதம் மூணு பாயிண்ட். 2018 ஏப்ரல் 10-ஆம் தேதி, 32 வயசில் என்.பி.ஏ.வின் லேக்கர்ஸுக்கு முதல் ஆட்டம், 19 புள்ளி.

இப்ப உங்க “பத்துக்கு ஆறு”. எந்தக் கோட்டிலிருந்து? ஃபீபா மூணு பாயிண்ட் கோட்டை 2010-ல் 6.25 மீட்டரிலிருந்து 6.75-க்குத் தள்ளினது. நம்ம புளோக் கோர்ட்டுகள் சிலதில் பெயிண்ட் பழைய கணக்கு. அளவு நாடா எடுத்துக்கிட்டுப் போங்க. எண்ட்லைனின் (வளையத்துக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடு) உள்விளிம்பிலிருந்து வளையத்தின் நடுவுக்கு நேர்கீழே 1.575 மீட்டர். ஆகவே நேர் எதிரே கோட்டின் வெளிவிளிம்பு எண்ட்லைனிலிருந்து 8.325 மீட்டரில் இருக்கணும். 7.8 பக்கம் வந்தா பழைய கோடு. வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கான்னும் பார்த்துடுங்க, ஆள் தொங்கித் தொங்கி முன்விளிம்பு சரிஞ்சிருக்கும்.

மூலை தனிக் கதை. அங்க கோடு வளையாம பக்கக்கோட்டுக்கு இணையா ஓடும், இடைவெளி 90 செ.மீ.தான். வளையத்துக்குத் தூரம் 6.60. உங்க காலணி 30 செ.மீ. நீளம்னு வைங்க. பந்து வரும்போது ஒரு கால் பின்னே வச்சா பக்கக்கோட்டை மிதிச்சிடும், முன்னே வச்சா ரெண்டு பாயிண்ட் ஆயிடும். அதனால பந்து கைக்கு வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு காலும் இடத்தில் இருக்கணும், முழங்கால் மடங்கியிருக்கணும். புளோக் கோர்ட்டில் பலதில் பக்கக்கோட்டை ஒட்டியே வேலி. அங்க பழகினவங்க முதல் தடவை உள்ளரங்கில் ஆடும்போது கோட்டை மிதிச்சுப் பந்தை விடறதைப் பார்க்கலாம். வேலி ஞாபகப்படுத்தும், வெறும் கோடு ஞாபகப்படுத்தாது.

எண்ணுற முறை: அஞ்சு இடம், இடத்துக்கு 20, மொத்தம் 100. ஒருத்தர் பந்து எறியணும், நீங்க ஒவ்வொரு தடவையும் ரெண்டு அடி ஓடி வந்து வாங்கணும். பயிற்சி தொடக்கத்தில் இல்லை, கடைசியில், மூச்சு வாங்கும்போது. பத்து நாள் எழுதி வச்சுச் சராசரி எடுங்க. ஆள் தடுக்காம 70 விழுந்தா ஆட்டத்தில் 35 விழுக்காடு எதிர்பார்க்கலாம்ங்கிறது என் கணக்கு. 60-ன்னா இன்னும் வேலை இருக்கு. பந்தும் சரியானதா இருக்கணும். ரப்பர் பந்தில் பழகின விரலுக்கு மோல்ட்டன் தோல் பந்து, புதுசா இருந்தா, சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும்.

சிமெண்ட் தரையில் தினமும் குதிச்சா முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண் வலிக்க ஆரம்பிக்கும். அறிகுறி: ஆடும்போது குறையும், மறுநாள் காலையில் புளோக் படி இறங்கும்போது குத்தும். அதுக்கு முழு ஓய்வு கொடுத்தா ஓய்வு முடிஞ்சதும் திரும்ப வரும். கால் நீட்டும் எந்திரத்தில் கனமான எடையை 45 நொடி அசையாமப் பிடிக்கிறது, அஞ்சு தடவை, நடுவில் ரெண்டு நிமிஷம் இடைவெளி. இதோட குதிக்கிற எண்ணிக்கையையும் குறைங்க. காலை வலி பத்துக்கு மூணைத் தாண்டினா அன்னைக்குக் குதிக்க வேணாம்.

வீடியோ: மூணரை நிமிஷத்துக்கு மேல் போகாதீங்க. முதல் அட்டையில் பிறந்த வருஷம், வெறுங்கால் உயரம், பாஸ்போர்ட் நாடு, தொடர்பு. ஒவ்வொரு துண்டிலும் நீங்க யார்னு பந்து நகர்றதுக்கு முன்னாடி அம்பு. மூணில் ஒரு பங்கு டிஃபென்ஸ். பாட்டு வேணாம், ஸ்லோமோஷன் வேணவே வேணாம். கூடவே வெட்டாத ரெண்டு முழு ஆட்டத்தின் இணைப்பு, அதில் ஒண்ணு தோத்த ஆட்டம். கோச்சுகள் துண்டு வீடியோவை 40 நொடி பார்ப்பாங்க, பிடிச்சா முழு ஆட்டத்துக்குப் போய், பந்து உங்ககிட்ட இல்லாதப்போ நீங்க என்ன செய்யறீங்கன்னு பார்ப்பாங்க. நின்னுக்கிட்டு இடுப்பில் கை வச்சிருந்தா அங்கேயே மூடிடுவாங்க. கேமரா நடுக்கோட்டில், உயரத்தில், படுக்கைவாக்கில் இருக்கணும். நண்பர் பெஞ்சிலிருந்து செங்குத்தாப் பிடிச்ச வீடியோ யாருக்கும் உதவாது.

---

மசேநி_மாமா:

தம்பி, எல்லாரும் சொல்லாத சில்லறை விஷயம் ரெண்டு மூணு.

என்.எஸ். முடிஞ்சுதுன்னா முழுநேரம்தான் முடிஞ்சுது. ரிசர்விஸ்ட் பத்து வருஷச் சுழற்சி இருக்கு, வருஷத்துக்கு 40 நாள் வரைக்கும் கூப்பிடலாம், உடற்தகுதித் தேர்வும் உண்டு. சீசன் நடுவில் அழைப்பு வந்தா ஒப்பந்தத்தைக் காட்டி முன்கூட்டியே தள்ளிவைக்கக் கேளுங்க, என்.எஸ். போர்ட்டலில் வெளிநாட்டு அனுமதி எத்தனை மாசத்துக்கு மேல் வேணும்னு அன்றைய விதியைப் பாருங்க. கிளம்பின பிறகு பார்க்கிற விஷயம் இல்லை.

வெளிநாட்டுக் கிளப் உங்களுக்கு மசேநி (மத்திய சேம நிதி) கட்டாது. இங்க வேலை பார்த்தா உங்க 20, முதலாளி 17 விழுக்காடு. அஞ்சு வருஷம் ஊர் சுத்தினா அவ்வளவும் இல்லை. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு விண்ணப்பிக்கிற வயசில்தான் அது தெரியும். சம்பளத்தை ஒப்பிடும்போது அந்த 17-ஐச் சேர்த்தே ஒப்பிடுங்க.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். தாய்லாந்திலோ அமெரிக்காவிலோ உடைமாற்றும் அறையில் யாராவது கஞ்சா கலந்த மிட்டாயோ வலிக்குத் தடவுற எண்ணெயோ நீட்டுவாங்க. என்.பி.ஏ. 2023-ல் கஞ்சாவைச் சோதனைப் பட்டியலிலிருந்தே எடுத்துடுச்சு. ஆனா சிங்கப்பூர்க் குடிமகன் வெளிநாட்டில் உட்கொண்டாலும் இங்க உட்கொண்ட மாதிரியே சட்டம் பார்க்கும். சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போது சிறுநீர்ச் சோதனைக்கு நிறுத்தலாம். “அங்க சட்டப்படி சரி”ங்கிற பேச்சு செல்லாது.

சுற்றுலா விசாவில் ஆடச் சொன்னா ஆடாதீங்க. சம்பளம் வரலைன்னு புகார் கொடுக்கப் போனா முதல்ல மாட்டுறது நீங்க.

---

நாலுபேர்_அணி:

3×3-ஐ ஏன் யாரும் சொல்லலை? அணிக்கு நாலே பேர், களத்தில் மூணு பேர், அரை மைதானம், 10 நிமிஷம் அல்லது முதல்ல 21 புள்ளி. 12 நொடிக்குள் போடணும். பந்து 6-ஆம் அளவு, எடை மட்டும் 7-ஆம் அளவுக்குரியது. ஃபீபாவின் 3×3 தளத்தில் கணக்குத் திறந்து, அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் ஆடினா தனிநபர் புள்ளி ஏறும். கடைசி 12 மாசத்தின் சிறந்த ஒன்பது முடிவுகளைக் கூட்டுவாங்க. 2022 முதல் ஆசியக் கிண்ணம் காலாங்கில்தான் நடந்துக்கிட்டு வருது, பார்க்கவும் பழகவும் வெளிநாடு போக வேணாம். 186 செ.மீ. ஆள், வெளியிலிருந்து போடத் தெரிஞ்சா, இங்கதான் மதிப்பு: வளைவுக்கு வெளியே போட்டா ரெண்டு, உள்ளே ஒண்ணு. சதவீதக் கணக்குப் போட்டுப் பாருங்க.

---

பெஞ்ச்_நாற்காலி:

ஒத்துக்கிறேன், ஆனா பரிசுப் பணத்தை நாலாப் பிரிச்சு விமானச் சீட்டைக் கழிச்சா கையில் என்ன நிக்கும்னும் சொல்லணும். தொழிலா இல்லை, பேரைப் பதிய வைக்கிற இடமா எடுத்துக்கலாம். அங்க ஆடின காட்சிகளுக்கு எதிரணி தரம் தெரியும், தேதி தெரியும். வீடியோவுக்கு நல்ல சரக்கு.

---

ஈசூன்_மூலை:

எல்லாருக்கும் நன்றி. ஏஜென்ட்டுக்குக் கோச்சுகள் பேர் கேட்டு எழுதினேன், “இடம் நிரம்பிக்கிட்டிருக்கு, சீக்கிரம் கட்டுங்க”ன்னு மட்டும் பதில்.

நாடா எடுத்துப் போய் அளந்தேன். எண்ட்லைனிலிருந்து 7 மீட்டர் 83.

---

கார்னர்90:

அப்ப உங்க ஆறு 6.25-லிருந்து விழுந்த ஆறு. எண்ட்லைனிலிருந்து 8.325-ல் சாக்பீஸால் புள்ளி வச்சு, வளையத்துக்கு நேர்கீழே உள்ள இடத்தை ஆணியா நினைச்சுக் கயிறு பிடிச்சு வளைவு போடுங்க. நாளைக்கு 100, கடைசியில், எண்ணிக்கையோட.